கேமரா பேட்டரி: ஒரிஜினலா, வேறு கம்பெனியா, பென்டார்ச் செல்லா?

பீரோவில் கிடந்த பழைய கேமராக்களைக் கல்லூரிப் பிள்ளைகள் 'டிஜிகேம்' என்று தூசி தட்டித் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். எடுத்த கையோடு வரும் புகார் ஒன்றுதான்: சார்ஜ் ஏறவில்லை, அல்லது ஏறிய மாதிரி காட்டிவிட்டு நாலு படத்தில் அணைந்துவிடுகிறது. உடனே ஆன்லைனில் பேட்டரி தேடத் தொடங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பழுது பேட்டரியிலா, சார்ஜரிலா, கேமராவிலா என்று தெரியாமல் வாங்கினால் காசுதான் போகும்.

முதலில் சார்ஜர் விளக்கு. இதில் கம்பெனிக்குக் கம்பெனி பாஷை வேறு. நிக்கானின் எம்எச்-24இல் விட்டு விட்டு எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது. நின்று எரிந்தால் முடிந்தது. படபடவென்று துடித்தால்தான் கோளாறு. கேனானின் எல்சி-இ10இல் ஆரஞ்சு எரிந்தால் ஏறுகிறது, பச்சை வந்தால் முடிந்தது. நிக்கான்காரர் ஒருவர் விளக்கு சிமிட்டுவதைப் பார்த்துவிட்டு நல்ல பேட்டரியைத் தூக்கிப் போடுவது அபூர்வமல்ல.

அடுத்து பேட்டரியின் முனைகள். கூட்டல், கழித்தல் தவிர பல பேட்டரிகளில் 'டி' (T) என்று ஒரு தகடு இருக்கும். பேட்டரியின் சூட்டைச் சார்ஜருக்குச் சொல்வது அதன் வேலை. அதில் அழுக்கோ பச்சைக் களிம்போ படிந்தால், உள்ளே செல் நன்றாக இருந்தாலும் சார்ஜர் ஏற்காது. பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். பாதிப் புகார் இங்கேயே தீரும். சித்திரை வெயிலில் மாடி அறையில் வைத்துச் சார்ஜ் போடுகிறவர்களுக்கு இன்னொன்று: 40 டிகிரிக்கு மேல் போனால் பல சார்ஜர்கள் வேலையை நிறுத்திக்கொள்ளும். அதைப் பழுது என்று எண்ண வேண்டாம்.

பல வருடம் காலியாகவே கிடந்த லித்தியம் பேட்டரி வேறு கதை. மின்னழுத்தம் ரொம்ப இறங்கியதும் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் இணைப்பைத் துண்டித்துவிடும். ஒயர் வைத்து 'உசுப்பி' எழுப்பும் வீடியோக்கள் நிறைய உண்டு; அந்த வேலை வேண்டாம். அப்படி எழுந்த பேட்டரி எப்போது சூடேறும் என்று சொல்ல முடியாது.

நல்ல பேட்டரி போட்டும் உயிர் வரவில்லையா? பேட்டரி மூடியைப் பாருங்கள். பல கேமராக்களில் மூடியின் ஓரத்திலுள்ள சின்னப் பிளாஸ்டிக் மூக்கு உள்ளே ஒரு சுவிட்சை அழுத்த வேண்டும். அது உடைந்திருந்தால் எந்த பேட்டரியும் உதவாது. தேதி மட்டும் அழிந்து போகிறது என்றால் உள்ளே தனியாக இருக்கும் குட்டிச் செல் காரணம். லென்ஸ் பாதியில் நின்று 'கரகர' என்றால் அது பெரும்பாலும் மணல். கடற்கரைக்குப் போய்வந்த கேமராவாக இருக்கும்.

சரி, பேட்டரிதான் பழுது என்று உறுதியாகிவிட்டது. இப்போது ஒப்பிடலாம்.

இன்னும் சந்தையில் இருக்கும் மாடல்களுக்கு ஒரிஜினலை அடிக்க ஆளில்லை. கேனான் 1100டி முதல் 1500டி வரை எல்பி-இ10 பேட்டரி ஒன்றேதான், எளிதில் கிடைக்கும். சதவீதம் சரியாகக் காட்டும், கேமரா முறைக்காது. குறை விலை. பெரும்பாலும் வேறு கம்பெனி பேட்டரி இரண்டு வாங்கும் காசு.

ஆனால் உற்பத்தி நின்றுபோன காம்பாக்ட் கேமராவுக்கு 'ஒரிஜினல்' என்று கிடைத்தால் நான் சந்தேகப்படுவேன். ஒன்று அது போலி, இல்லையென்றால் பல வருடம் அலமாரியில் தூங்கிய சரக்கு. லித்தியம் பேட்டரிக்குப் பயன்படுத்தினாலும் வயசாகும், சீல் பிரிக்காமல் வைத்தாலும் வயசாகும். இந்த இடத்தில் போன வருடம் தயாரான வேறு கம்பெனி பேட்டரியே மேல்.

வேறு கம்பெனி பேட்டரியில் முதலில் பார்க்க வேண்டியது அதன் மேல் அச்சிட்ட பொய். கேனானே எல்பி-இ10க்கு 860 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கு) என்றுதான் போடுகிறது. அதே அளவு டப்பாவில் ஒருவர் 1500 என்று போட்டால், மீதி 640 எங்கே உட்கார்ந்திருக்கிறது? நிஜத்தோடு ஒட்டிய எண் போட்ட கம்பெனியை நம்பலாம். இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரியில் ஐஎஸ் 16046 என்ற பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அது இல்லாததைக் கையால் தொடாதீர்கள்.

கேமராவும் சில சமயம் மல்லுக்கு நிற்கும். கேனானின் பெரிய மாடல்கள் பேட்டரியோடு பேச முடியவில்லை என்று எச்சரித்துவிட்டு, பயன்படுத்தவா என்று கேட்கும். சரி என்றால் ஓடும். நிக்கான் அவ்வளவு தாராளமில்லை. 2013இல் வந்த ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) அப்டேட்டைப் போட்டதும் டி3200, டி5100 போன்றவற்றில் வேறு கம்பெனி பேட்டரிகள் பல செல்லாக்காசாயின. வேறு கம்பெனி பேட்டரியோடு நிம்மதியாக ஓடும் பழைய நிக்கானை அப்டேட் செய்யப் போகாதீர்கள்.

இன்னொரு ஆபத்து உப்புதல். மலிவு பேட்டரிகள்தான் அதிகம் உப்பும், கேமராவுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அவ்வப்போது கண்ணாடி மேஜைமேல் படுக்க வைத்துச் சுண்டிவிடுங்கள். பம்பரம்போல் சுற்றினால் வயிறு உப்பிவிட்டது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் பென்டார்ச் செல். கேனான் பவர்ஷாட் ஏ வரிசை, நிக்கான் கூல்பிக்ஸ் எல் வரிசை ஆகியவற்றில் பல மாடல்கள் இந்த ஏஏ செல்லில் ஓடுபவை. அன்று இவற்றை மட்டமாகப் பார்த்தார்கள். இன்று பேட்டரிக்காக அலையாதவர்கள் இவற்றை வைத்திருப்பவர்கள்தான். ஆனால் பெட்டிக்கடை ஆல்கலைன் செல்லைப் போட்டு ஏமாறாதீர்கள். மேலே 1.5 வோல்ட் என்று இருந்தாலும் ஃபிளாஷ் ஏறும் நேரத்தில் சரிந்துவிடும். 1.2 வோல்ட் என்று போட்ட நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் கடைசிவரை நின்று ஆடும். அதிலும் சும்மா வைத்தால் தானாகச் சீக்கிரம் வடியாத வகையாகப் பாருங்கள். 2005இல் சான்யோ கொண்டுவந்த எனலூப் அந்த வகை. கூல்பிக்ஸ் மெனுவில் 'பேட்டரி டைப்' இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். புதுசும் பழசும் கலக்கக் கூடாது.

சார்ஜரில் என் ஓட்டு அந்தந்த பேட்டரிக்கென்றே உள்ள தனிச் சார்ஜருக்கே. இரண்டு கம்பியை நகர்த்தி எந்த பேட்டரிக்கும் பொருத்தும் 'யுனிவர்சல்' சார்ஜர் வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன 'டி' முனையை அது கண்டுகொள்வதே இல்லை. யூஎஸ்பி வசதி உள்ள கேமராவில் ஏறவில்லை என்றால் கேபிளையும் பேட்டரி ரகத்தையும் பாருங்கள். கேனான் இஓஎஸ் ஆர் மாடலில் எல்பி-இ6என் பேட்டரி கேமராவுக்குள்ளேயே ஏறும், பழைய எல்பி-இ6 ஏறாது.

டிஎஸ்எல்ஆர் வைத்துக் கல்யாண வேலை பார்ப்பவர் என்றால் ஒரிஜினல் ஒன்று, நல்ல வேறு கம்பெனி ஒன்று. பழைய காம்பாக்ட் என்றால் வேறு கம்பெனிதான் வழி. இனிமேல்தான் டிஜிகேம் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஏஏ செல் மாடலாகத் தேடுங்கள். கடையில் வாங்கினால் கேமராவையும் எடுத்துப் போங்கள். ஃபிளாஷ் போட்டுத் தொடர்ந்து பத்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பில் கேளுங்கள்.