ஹட்டனில் நான் பைக் பழகிய லேனர்ஸ்

டிக்கோயாவிலிருந்து வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துப்போய்த்தான் ஹட்டனில் ஒரு லேனர்ஸில், அதாவது வண்டி ஓட்டப் பழக்கும் பள்ளியில், சேர்ந்தேன். மெடிக்கல், எழுத்துப் பரீட்சை எல்லாவற்றுக்கும் அவர்களே திகதி எடுத்துத் தந்தார்கள். சேரும்போதே லைசென்ஸில் 'ஏ' வகுப்பு கேளுங்கள். 'ஏ1' எடுத்தால் 100 சீசீ வரைதான் ஓட்டலாம்.

பழக்கிய அண்ணன் மைதானத்தில் எட்டுப் போட வைத்ததோடு விடவில்லை. மேட்டில் நிறுத்தி, பின் பிரேக்கை மிதித்தபடி கிளச்சை மெதுவாக விடச் சொன்னார். "சத்தம் மாறும், வண்டி லேசா முன்னுக்கு இழுக்கும். அப்ப பிரேக்க விடு தங்கச்சி." அந்த இழுப்பு பிடிபட எனக்கு இரண்டு நாள் ஆனது. இறக்கத்தில் நியூட்ரல் போடவே விடமாட்டார்; இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துவைக்கும். மழையில் கொழுந்து லொறிக்குப் பின்னால் இறங்கும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான்.

குறையும் உண்டு. ஒரு பைக்குக்கு ஐந்து பேர். ஒரு மணித்தியாலம் என்று சொல்லிவிட்டு பத்து நிமிடம்தான் கிடைத்தது. கோபமே வந்தது. காசு கட்டும் முன் இதைப் பேசிக்கொள்ளுங்கள். பொது ஹெல்மெட் எப்போதும் ஈரம், அதனால் சொந்தமாக ஒன்று கொண்டுபோங்கள். ட்ரயலில், அதாவது ஓட்டிக் காட்டும் பரீட்சையில், முதல் தடவையே பாஸ். என் தங்கச்சியையும் அந்த அண்ணனிடமே சேர்த்திருக்கிறேன்.