மாயாவி தொகுப்பு: காசு கட்டுமுன் நான்காம் பக்கத்தைக் கேளுங்கள்

கொழும்பில் இரும்புக்கை மாயாவி என்ற பழைய சித்திரக்கதையின் மறுபதிப்புத் தொகுப்புக்கு முன்பதிவு செய்ய நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நான் 6,500 ரூபா கட்டி ஏமாந்திருக்கிறேன்.

முகநூலில்தான் விளம்பரம் பார்த்தேன். கெட்டி அட்டை, பழைய மொழிபெயர்ப்பு, கூடவே 'மூலக் கலைஞர்களுக்கு எமது காணிக்கை' என்று ஒரு வரி. அந்த வரியில் மயங்கித்தான் வங்கியில் காசைப் போட்டேன். ஏழு வாரம் கழித்து வெள்ளவத்தை வீட்டுக்குக் கூரியரில் வந்தது. அச்சு மோசமில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் நான்காம் பக்கத்தில் 'கதை, சித்திரம், ஆக்கம்' என்று போட்டு, தொகுத்தவர் தன் பெயரை மட்டும் அச்சடித்திருக்கிறார்.

தொலைபேசியில் கேட்டேன். "அண்ணை, இங்கிலீஸ் புத்தகத்திலயே ஒருத்தற்ற பேரும் இல்லை. பிறகு நான் ஆற்ற பேரைப் போடுறது?" என்றார்.

இதில் பாதி உண்மை, அதுதான் எரிச்சல். 1962இல் வேலியன்ட் என்ற பிரித்தானிய வார இதழில் இந்தத் தொடர் ஆரம்பித்தபோது எழுதியவர் பெயரையோ வரைந்தவர் பெயரையோ போடவில்லை. அங்கே அன்றைய சிறுவர் இதழ்களின் வழக்கம் அப்படி. அதற்காக ஆட்களே இல்லையென்று ஆகிவிடுமா? முதலில் எழுதியவர் கென் புல்மர், அப்புறம் டொம் டல்லி. வரைந்தவர் பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. இங்கிலாந்தில் இப்போது வரும் மறுபதிப்புகளில் பெயர் போடுகிறார்கள். மின்சாரம் பாய்ந்து உடம்பு மறைய, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்குமே, அந்த இருட்டும் வெளிச்சமும் பிளாஸ்கோவின் கைவேலை. ஸ்கேன் பண்ணியவருடையது அல்ல.

நானும் பெரிய யோக்கியன் இல்லை. சிவகாசியிலிருந்து தமிழில் வந்த முத்து காமிக்ஸ் 1972இல் மாயாவியோடுதான் தொடங்கியது. அண்ணன் சேர்த்து வைத்திருந்த அந்தப் புத்தகங்களைப் படித்துவிட்டு, மாயாவி சிவகாசியிலேயே பிறந்தவர் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். பிளாஸ்கோ என்ற பெயரைக் கேள்விப்படும்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது.

எங்கள் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. பதிப்புரிமை கைமாறிப் போனாலும், படைத்தவர் பெயர் பிரதிகளில் தெளிவாக வர வேண்டும் என்பது அவருக்குள்ள உரிமை என்கிறது 10ஆம் பிரிவு. இதைச் சொன்னதும் குரல் இறங்கியது. "சரி அண்ணை, ஒரு துண்டு அடிச்சு அனுப்புறன், ஒட்டிக்கொள்ளுங்கோ." காசைத் திருப்பித் தரும் பேச்சே இல்லை.

துண்டு போன கிழமை வந்தது. 'நன்றி' என்ற தலைப்பின் கீழ் முதலில் தட்டச்சுச் செய்தவர், பிறகு அட்டை கட்டியவர், கடைசியில் 'பிளஸ்கோ (ஓவிய உதவி)'. புல்மரும் டல்லியும் அதிலும் இல்லை.

இரண்டாம் தொகுதிக்கு இப்போது முன்பணம் சேர்க்கிறார்கள். கேட்டு வந்தால், காசு கட்டுமுன் நான்காம் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டைப் படத்தை அனுப்பிச் சமாளிப்பார்கள், விடாதீர்கள்.