குழந்தைக்குக் காய்ச்சல்: இன்றே ஆன்டிபயாடிக்கா, பொறுத்துப் பார்ப்பதா?

மூன்று வயதுக் குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், 38.8 டிகிரி செல்சியஸ். மூக்கு ஒழுகுகிறது, இருமல் இருக்கிறது, தொண்டை லேசாகச் சிவந்திருக்கிறது. காய்ச்சல் இறங்கிய நேரத்தில் எழுந்து விளையாடுகிறது. இந்தக் குழந்தையைப் பார்க்கும் குடும்ப மருத்துவருக்கு நான்கு வழிகள் உண்டு. இன்றே ஆன்டிபயாடிக் எழுதலாம். எழுதாமல், எதைக் கவனிக்க வேண்டும் என்று விளக்கி அனுப்பலாம். சீட்டைக் கையில் கொடுத்து, இரண்டு மூன்று நாளில் தேறாவிட்டால் மட்டும் மருந்தைத் தொடங்கச் சொல்லலாம். அல்லது விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் சிஆர்பி என்ற புரதத்தின் அளவைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

நான் பெரும்பாலும் எடுப்பது இரண்டாவது வழி. ஆனால் அதைச் சரியாகச் செய்யத்தான் அதிக உழைப்பு வேண்டும். அரைகுறையாகச் செய்தால் நான்கிலும் ஆபத்தானது அதுவே.

இந்த ஒப்பீட்டுக்குள் வராத குழந்தைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முகம் பார்த்துச் சிரிக்கிறதே என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது, மூச்சோடு முனகல் வருவது, தோல் வெளிறியோ நீலம் பாரித்தோ போவது, கழுத்து விறைப்பது, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் இவற்றில் எது இருந்தாலும், எந்த வயதானாலும், காத்திருக்கும் பேச்சுக்கே இடமில்லை. மலேரியா பரவும் பகுதியாக இருந்தால் அதற்கான பரிசோதனைதான் முதல் வேலை.

உடனே எழுதும் வழியின் பலம், அது எல்லோரையும் அன்றைக்கு நிம்மதியாக்குகிறது. "டாக்டர், ஆன்டிபயாடிக் எழுதலையா?" என்ற கேள்வி எழாது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் பெயர் மருந்துக்குப் போகும். வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் அந்தச் சமயத்தில் தானாகவே விட்டுவிடும் என்பது யார் கண்ணிலும் படாது. இங்கிலாந்தில் நிமோனியா சந்தேகம் இல்லாத நெஞ்சுச் சளிக் குழந்தைகள் 432 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. பாதிப் பேருக்குப் பென்சிலின் வகை ஆன்டிபயாடிக்கான அமாக்சிசிலின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத சிரப். ஓரளவு கடுமையான தொந்தரவு நீடித்த காலம் மருந்து சாப்பிட்டவர்களுக்கு 5 நாள், மற்றவர்களுக்கு 6 நாள். மருந்தால்தான் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறிய வித்தியாசம் அது.

இதற்குக் கொடுக்கும் விலையில் வயிற்றுப்போக்கை எல்லோரும் அறிவார்கள். அதிகம் பேசப்படாத ஒன்று, 'பென்சிலின் அலர்ஜி' என்ற முத்திரை. வைரஸ் காய்ச்சலிலேயே உடம்பில் தடிப்பு வரும். அந்த நேரத்தில் அமாக்சிசிலின் உள்ளே போயிருந்தால் பழி மருந்தின் மேல் விழும். சிவப்பு மையில் எழுதப்பட்ட அந்த ஒரு வரி வளர்ந்து பெரியவரான பிறகும் கூடவே வரும். உண்மையான தொற்று வரும் நாளில் மிகப் பொருத்தமான மருந்தைத் தர விடாமல் தடுக்கும். தேவையில்லாத ஒரு சீட்டு பத்து, இருபது ஆண்டு கழித்தும் அந்தப் பிள்ளையைத் துரத்துவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சீட்டைக் கொடுத்துப் பொறுக்கச் சொல்லும் மூன்றாவது வழிக்கு நல்ல ஆதாரம் காது வலியில் இருக்கிறது. 2001இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில், காதுத் தொற்று உள்ள 315 குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு உடனே மருந்து. மற்றொரு பிரிவுக்கு 72 மணி நேரம் பொறுத்துத் தேவைப்பட்டால் மருந்து. பொறுத்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான் கடைசியில் மருந்தைத் தொட்டார். வயிற்றுப்போக்கு உடனே சாப்பிட்டவர்களில் 19 சதவீதம், பொறுத்தவர்களில் 9. உடனே சாப்பிட்டவர்களுக்கு நோய் ஒரு நாள் முன்னதாக விட்டது உண்மை; ஆனால் வலி மோசமாக இருக்கும் முதல் 24 மணி நேரத்தில் பலன் இல்லை. அந்த நேரத்துக்கு வலி மருந்துதான் துணை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இரு காதிலும் தொற்று, அல்லது காதிலிருந்து சீழ் வடிவது என்றால் ஆன்டிபயாடிக்கின் பலன் கூடுகிறது; அங்கே நான் தள்ளிப்போட மாட்டேன்.

இந்த வழியின் பலவீனம், முடிவெடுக்கும் பாரம் இரவு பதினொரு மணிக்குப் பெற்றோர் தலையில் விழுவது. குழந்தை மோசமாகும்போது செய்ய வேண்டியது மறுபடி காட்டுவது. கையிலிருக்கும் சீட்டோ சிரப்பைத் தொடங்கச் சொல்கிறது. அதனால் காரணம் தெளிவாகத் தெரிந்த காது வலிக்கு மட்டும் இதை வைத்துக்கொள்கிறேன். காரணம் தெரியாத காய்ச்சலுக்கு இது வேண்டவே வேண்டாம்.

சிஆர்பி பரிசோதனை சில நிமிடங்களில் ஓர் எண்ணைத் தருகிறது. காய்ச்சல் தொடங்கி முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அந்த எண் ஏறாமலே இருக்கலாம். சீக்கிரமே வந்துவிட்ட குழந்தைக்கு 'நார்மல்' என்று வந்தால் அதை அப்படியே நம்ப முடியாது. இன்னொரு பக்கம், அடினோவைரஸ் போன்ற சாதாரண வைரஸ்களும் அதை நன்றாக ஏற்றிவிடும். மருத்துவருக்கு முடிவெடுக்கத் தயக்கமாக இருக்கும் சில குழந்தைகளிடம் இது உதவும். தொட்டுப் பார்க்காமலே முடிவெடுக்க உதவாது. சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடிக்கும் கைக்குழந்தைக்கு ஒரே ஒரு பரிசோதனைதான் செய்ய முடியும் என்றால் நான் சிறுநீரைக் கேட்பேன். சிறுநீர்ப் பாதைத் தொற்று அப்படித்தான் ஒளிந்திருக்கும். அதற்கு ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும்.

இப்போது இரண்டாவது வழி. இதன் பாதி வேலை பரிசோதனையிலேயே முடிகிறது. குழந்தை தாய் மடியில் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் குழந்தைகளிடம் தப்பாகிவிடும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எண்ணும்போதே விலா எலும்புக்குக் கீழே மூச்சுக்கு மூச்சு உள்வாங்குகிறதா என்றும் தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தில் பெற்றோரும் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

மீதி பாதி, பேச்சு. "சரியாகலைன்னா வாங்க" என்பது அறிவுரையே இல்லை. எதைப் பார்த்தால், எத்தனை மணி நேரத்துக்குள், எங்கே வர வேண்டும் என்று சொல்ல வேண்டும். மூச்சு இரைத்தால், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், காய்ச்சல் இறங்கியும் குழந்தை சோர்ந்தே கிடந்தால், வலிப்பு வந்தால் அன்றே. காய்ச்சல் ஐந்து நாளைத் தொட்டால் மற்றபடி நன்றாக இருந்தாலும் கட்டாயம். இருமல் எத்தனை நாள் இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பாதிக் குழந்தைகளுக்குப் பத்து நாளில் நிற்கும். பத்தில் ஒன்பது பேருக்கு நிற்க மூன்றரை வாரம் ஆகலாம். இது முன்பே தெரியாத பெற்றோர்தான் ஐந்தாம் நாள் இருமலுக்கு வேறொரு மருத்துவரிடம் போய் ஆன்டிபயாடிக்கோடு வருகிறார்கள்.

காய்ச்சலுக்கான மருந்தில் பாராசிட்டமாலா, இபுபுரூஃபனா என்பதை நீட்ட வேண்டியதில்லை. பாராசிட்டமால் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, போதும். இபுபுரூஃபன் குழந்தை நீர் வற்றியிருந்தாலும், சின்னம்மை, டெங்கு சந்தேகம் இருந்தாலும் கூடாது. இரண்டில் எதுவும் காய்ச்சல் வலிப்பைத் தடுக்காது. குழந்தை அவஸ்தைப்பட்டால் கொடுக்கலாம், தெர்மாமீட்டருக்காகக் கொடுக்க வேண்டியதில்லை. சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே வீரியம் அல்ல என்பதை மட்டும் பாட்டிலைக் கையில் வைத்துக் காட்டிவிடுங்கள்.

ஆன்டிபயாடிக் தேவை என்று முடிவாகிவிட்டால் அங்கேயும் இரண்டு தேர்வுகள். முதலாவது, எந்த மருந்து. உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று பிரிவாகப் பிரித்தது. அமாக்சிசிலின் முதலில் எடுக்க வேண்டிய பிரிவில் இருக்கிறது. அசித்ரோமைசின், செஃபிக்சிம் இரண்டும் கவனத்தோடு மட்டும் தொட வேண்டிய பிரிவில். நாளுக்கு ஒரு வேளை, மூன்றே நாள் என்ற வசதிக்காக அசித்ரோமைசினை முதலில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது, எத்தனை நாள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நிமோனியாக் குழந்தைகளிடம் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், அமாக்சிசிலின் 3 நாள் கொடுத்ததற்கும் 7 நாள் கொடுத்ததற்கும், மறுபடி ஆன்டிபயாடிக் தேவைப்பட்டதில் வித்தியாசம் இல்லை. அதற்காக எல்லாவற்றுக்கும் மூன்று நாள் என்று வைத்துவிட முடியாது. இதயத்தைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வரக்கூடிய இடத்தில், ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைத் தொற்றுக்குப் பென்சிலின் பத்து நாள் தேவை. அதனால் சீட்டில் நாள் கணக்கோடு என்ன நோய்க்கு என்பதையும் எழுதிவிடுகிறேன். கோர்ஸ் முடிந்ததும் மீதி சிரப்பை வைத்திருக்கக் கூடாது; கலக்கிய மருந்தின் வீரியம் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் நிற்காது, அடுத்த மாதம் தம்பிக்குக் காய்ச்சல் வரும்போது கை அந்தப் பாட்டிலுக்குத்தான் முதலில் போகும்.