செய்யாத டெஸ்ட்டுக்கும் காசு: 64,300 ரூபாய் போச்சு

திருச்சியில ஒரு தனியார் குழந்தைகள் ஆஸ்பத்திரி. பேர் எழுதல. வாசல்ல கண்ணாடிக் கதவு, உள்ள மீன் தொட்டி. ஆறு நாள், 64,300 ரூபாய்.

என் பொண்ணுக்கு ஏழு வயசு. ஒரு வாரமா வறட்டு இருமல், சாயங்காலமானா 102 காய்ச்சல். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துல பிடிச்சு, "நிமோனியா. என் பொண்ணா இருந்தா இந்நேரம் அட்மிட் பண்ணிருப்பேன்"னார். அங்கதான் விழுந்தேன். எவ்வளவு ஆகும்னுகூடக் கேக்காம கார்டை நீட்டினேன்.

செஃப்ட்ரியாக்சோன் ஊசி, நடுநடுவுல நெபுலைசர். மூணு நாளாகியும் காய்ச்சல் இறங்கல. ஆனா பாப்பா ட்ரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கிட்டு மீன் பாக்க ஓடுறா. "படத்துல இவ்வளவு இருக்கு, பிள்ளை இப்படி ஓடுதே"ன்னு நர்ஸம்மாவே சொன்னாங்க. டாக்டர் இன்னும் விலை கூடின ஊசிக்கு மாத்தினார். வீட்ல வேற யாருக்காவது இருமல் இருந்துச்சான்னு ஒருத்தரும் கேக்கல. மூணு வாரம் முன்னாடி பெரியவன் இதே மாதிரிதான் இருமிக்கிட்டுக் கிடந்தான்.

ஆறாம் நாள் டிஸ்சார்ஜ். அன்னிக்கு ராத்திரியே மறுபடி 102.

எங்க தெருமுனை டாக்டர் எல்லாத்தையும் பாத்துட்டு, "இது மைக்கோபிளாஸ்மாவா இருக்கும். அந்தக் கிருமிக்குச் செல் சுவரே கிடையாது. போட்ட ஊசி சுவர் கட்ட விடாம கொல்ற மருந்து, எப்படிக் கேக்கும்?"னார். சுவரே இல்லாத வீட்ல கன்னம் வைக்க 64,300 ரூபாய்! அசித்ரோமைசின் சிரப் எழுதினார், நூறு ரூபாய்கூட ஆகல. மூணாம் நாள் காய்ச்சல் விட்டுச்சு. முதல்ல அந்த ஊசியில ஆரம்பிச்சது தப்பில்லையாம், ரெண்டு மூணு நாள்ல கேக்கலைன்னதும் யோசிச்சிருக்கணுமாம். அவர் நியாயஸ்தர். எனக்கு அவ்வளவு நியாயம் வரல.

ஏன்னா பில்லைப் பிரிச்சா ரெண்டாம் நாள்லயே "மைக்கோபிளாஸ்மா ஐஜிஎம் 2,400"! அந்தக் கிருமி இருக்கான்னு பாக்கற ரத்த டெஸ்ட் அது. அப்ப சந்தேகம் வந்திருக்கு. ரிப்போர்ட் எங்க? கவுன்ட்டர்ல "லேப்ல கேளுங்க". லேப்ல "வார்டுக்கு அனுப்பியாச்சு". வார்டுல "மதியத்துக்கு மேல வாங்க". பி.ஆர்.ஓ. தண்ணி பாட்டில் கொடுத்து, "பாப்பாதான் நல்லாயிட்டாளே, அப்புறம் என்ன சார்?" கடைசியில லேப் பையன்தான் மெதுவாச் சொன்னான், ரத்தம் பத்தலைன்னு அந்த டெஸ்ட்டை ஓட்டவே இல்லையாம்.

என்ன செய்யணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், ஆத்திரத்துல வரல. தினமும் பில் கேளுங்க, பில்லுல இருக்கற ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ரிப்போர்ட் கேளுங்க. அஞ்சு வயசுக்கு மேல, வறட்டு இருமல், கூட இருக்கவங்களுக்கும் இருமல், ஊசி கேக்கலைன்னா மைக்கோபிளாஸ்மாவான்னு வாய்விட்டுக் கேளுங்க. முதல் வாரத்துல ஐஜிஎம் நெகட்டிவா வந்தாலும் இல்லைன்னு ஆகாதாம். அதுக்காக நீங்களா மெடிக்கல் ஷாப்ல சிரப் வாங்கி ஊத்திடாதீங்க. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழ குழி விழுந்தா உடனே தூக்கிட்டு ஓடுங்க.

நாளைக்குக் காலைல திரும்ப அந்தக் கவுன்ட்டருக்குப் போறேன். 64,300 வராது, தெரியும். அந்த 2,400-ஐ வாங்காம நகர மாட்டேன்.