வகுப்பறைக்கு எந்த டைப்ரைட்டர்: இன்ஸ்டிட்யூட் மெஷினா, போர்ட்டபிளா?

பாபநாசம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வாரத்தில் ஒரு பீரியட் பிள்ளைகள் டைப்ரைட்டரில் கடிதம் அடிக்கிறார்கள். அதற்காகக் கேட்டு வாங்கியதில் இரண்டு வருடத்தில் பதினொரு மெஷின் சேர்ந்தது. ஏழு, மூடிப்போன தட்டச்சு இன்ஸ்டிட்யூட்களில் இருந்தவை: ஐந்து கோத்ரெஜ், இரண்டு ரெமிங்டன். மீதி நான்கும் பெட்டியோடு வரும் போர்ட்டபிள்கள். கூத்தாநல்லூர்ப் பக்கத்துச் சபராளிகள், அதாவது கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள், எப்போதோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒலிவெட்டி, பிரதர் வகையறா.

அழகில் போர்ட்டபிள்தான். பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகள் மொய்த்துவிடுவார்கள். ஒலிவெட்டி லெட்டரா 32 ஆறு கிலோதான் இருக்கும். கோத்ரெஜைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ரிப்பனில் பெரிய வித்தியாசம் இல்லை. அகலம் எல்லாவற்றுக்கும் அரை அங்குலம்தான், ஸ்பூல்தான் மாறும். பழைய ஸ்பூலை எறிந்துவிடாமல் அதிலேயே புது ரிப்பனைச் சுற்றிக்கொள்ளலாம்.

ஆனாலும் நான் இன்ஸ்டிட்யூட் மெஷின் பக்கம்தான். காரணம் ரிப்பேர். முப்பது பிள்ளைகள் மாற்றி மாற்றிக் குத்தினால் எதுவும் பழுதாகும். அப்புறம் என்ன செய்வது என்பதில்தான் இரண்டுக்கும் உள்ள தூரம் தெரிகிறது. என்னிடம் இருக்கும் ஐந்து கோத்ரெஜில் ஓடுவது மூன்றுதான். மற்ற இரண்டையும் கழற்றி வைத்திருக்கிறோம். ஸ்பிரிங், ஸ்குரூ, எழுத்துக் கம்பி எல்லாம் அவற்றிலிருந்துதான் எடுக்கிறோம். கோத்ரெஜ் 1955-ல் டைப்ரைட்டர் செய்யத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் செய்தது. அதனால் கேட்கிற இடமெல்லாம் ஒன்று கிடைக்கிறது. போர்ட்டபிள் நான்கும் நான்கு ஜாதி. ஒன்றின் உறுப்பு இன்னொன்றில் உட்காராது. லெட்டராவில் கேரேஜை, அதாவது தாளோடு நகரும் மேல்பகுதியை, இழுக்கும் நாடா அறுந்தபோது தூண்டில் நரம்பைக் கட்டிச் சமாளித்தோம். பிரதரில் ஒரு பல் உடைந்தது. அந்த மெஷின் இன்றைக்கும் பீரோ மேல்தான் இருக்கிறது.

மெக்கானிக் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். லோயர், ஹையர் என்ற அரசுத் தட்டச்சுத் தேர்வுகளால் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் இன்னும் இன்ஸ்டிட்யூட்கள் ஓடுகின்றன. தேர்வு நெருங்கும்போது மெஷின்களைச் சரிபார்க்க வருபவர் எங்களுக்கும் ஒரு நடை வந்துபோகிறார். கோத்ரெஜ், ரெமிங்டன், ஃபேசிட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். லெட்டராவைப் பார்த்துவிட்டு, "சார், இதை நீங்களே வெச்சுக்கங்க" என்று தள்ளிவைத்துவிட்டார்.

ஐப்பசி மழையில் துரு இரண்டுக்கும் பொது. துணி போட்டு மூடி, தையல் மெஷின் எண்ணெய் துளியாக விடுங்கள். எழுத்துக் கம்பிகளின் வேரில் மட்டும் வேண்டாம், தூசி ஒட்டிக்கொள்ளும். நல்ல எண்ணத்தோடு யாரோ தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கொடுத்த ஒரு ரெமிங்டனை, சீமெண்ணெயும் பழைய பல் பிரஷும் வைத்துக்கொண்டு மூன்று சனிக்கிழமை தேய்த்தேன்.

அந்த இரண்டு ரெமிங்டனில் ஒன்று தமிழ். 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். புள்ளி நகரா விசை. அதை முதலில் அடித்தால் கேரேஜ் அசையாமல் நிற்கும், பிறகு எழுத்தை அடிக்க வேண்டும். பிள்ளைகள் சண்டை போடுவது இதற்குத்தான். ஒரே ஒரு தமிழ் மெஷினை வைத்துக்கொண்டு, தமிழ் மெஷின்கள் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்று நான் சொல்வது சரியாக இருக்காது. எலெக்ட்ரிக் டைப்ரைட்டர் ஒன்று வந்தது, வேண்டாம் என்றுவிட்டேன். எங்கள் ஊர் கரண்டை நம்பி வகுப்பு நடத்த முடியாது.

போர்ட்டபிளே வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளியில் இரண்டாம் மாடி வகுப்பு, லிஃப்ட் கிடையாது, பூட்டி வைக்க இடமில்லை என்றால் அதுதான் சரி. ஒரே மாடலில் இரண்டாவது கிடைக்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் மன்னார்குடியிலிருந்து இரண்டு கோத்ரெஜ் வருகிறது. ஒன்று ஓடாது என்று கொடுப்பவரே கூச்சத்தோடு சொன்னார். அதைத்தான் முதலில் வண்டியில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.