கீட்டோவின் முதல் இரண்டு வாரம்: உப்பு, தண்ணீர், மாத்திரை

கீட்டோ உணவுமுறையில் சில வருடங்களாக இருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எத்தனை கிலோ குறையும் என்றுதான். ஆனால் பாதியில் விடுகிறவர்களில் பலர் முதல் வாரத்துத் தலைவலியும் சோர்வும் தாங்காமல்தான் விடுகிறார்கள். அதற்குக் காரணம் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

மாவுச்சத்தை நாளுக்கு 20 முதல் 50 கிராமுக்குள் நிறுத்துவதுதான் கீட்டோ. இரண்டு இட்லியிலேயே கிட்டத்தட்ட 20 கிராம் வந்துவிடும் என்பதால் இட்லி, தோசை, சோறு எல்லாம் ஒரே நாளில் தட்டிலிருந்து போய்விடுகின்றன. அப்போது உடம்பு கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருந்த சர்க்கரை செலவாகத் தொடங்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும், அதுவும் வெளியேறும். இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் சோடியத்தையும் கூடுதலாக வெளியே விடும். முதல் வாரத்தில் எடை மெஷின் காட்டும் ஒன்றிரண்டு கிலோ இறக்கத்தில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். கொழுப்பு கரைய இன்னும் நாளாகும்.

அடிக்கடி சிறுநீர், நாக்கு வறட்சி, நெற்றியை இறுக்கும் தலைவலி, எழுந்து நின்றால் லேசான கிறுகிறுப்பு, இரவில் கெண்டைக்காலில் பிடிப்பு. எனக்கு இவை எல்லாமே வந்தன. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இதைத்தான் கீட்டோ ஃப்ளூ என்கிறார்கள்; கிருமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது, பல்லைக் கடித்துக்கொள் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். எனக்குப் பலன் தந்தது உப்பு போட்ட எலுமிச்சைச் சாறும் ஆட்டுக்கால் சூப்பும். குடித்த சிறிது நேரத்தில் தலைபாரம் இறங்கியது. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் இருக்கிற சோடியம் இன்னும் நீர்த்துப்போகும். கால் பிடிப்புக்கு கீரையும் பூசணி விதையும் சேர்த்துக்கொண்டேன். இளநீர் நல்லதுதான், ஆனால் அதிலும் சர்க்கரை உண்டு. அளவு பார்த்துக் குடிக்க வேண்டும். இரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம் சார்ந்த பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

வயிறு அடுத்த தொல்லை. சோறும் பருப்பும் குறைந்து முட்டை, பனீர், கறி என்று போனால் மலச்சிக்கல் வரும். வெண்டைக்காய், கத்தரிக்காய், வாழைத்தண்டு, தேங்காய் எல்லாம் தினமும் தட்டில் வந்த பிறகுதான் எனக்குச் சரியானது. சிலருக்கு நேர்மாறாக வயிற்றுப்போக்கு ஆகும், முக்கியமாக நெய்யும் வெண்ணெயும் ஒரேயடியாக ஏறும்போது. கொழுப்பைப் படிப்படியாகக் கூட்டினால் வயிறு பழகிக்கொள்ளும்.

“என்னடா, வாயில ஒரு மாதிரி வாடை அடிக்குது?” என்று அம்மா கேட்டாள். கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்களில் ஒன்றான அசிட்டோன் மூச்சு வழியாக வெளியேறுவதால் வரும் வாடை அது. நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அதே பொருள். பல் தேய்த்தால் போகாது. வாரங்கள் போகப் போகத் தானாகக் குறையும்.

இதற்கு மேல் சொல்லப்போவதை வீட்டில் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் கட்டாயம் படியுங்கள். என்னைப் பார்த்துவிட்டு சித்தப்பா தானும் தொடங்குவதாகச் சொன்னார். அவர் சாப்பிடுவது கிளிமிபிரைடு. சோற்றை நிறுத்திவிட்டு அந்த மாத்திரையை அதே அளவில் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். இன்சுலின் ஊசிக்கும் இது பொருந்தும். “டாக்டரைப் பாத்துட்டு அப்புறம் ஆரம்பிங்க சித்தப்பா” என்று கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்த பிறகே அவர் தொடங்கினார். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகள் இன்னும் ஆபத்து. மீட்டரில் சர்க்கரை அவ்வளவாக ஏறாமலேயே இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். கீட்டோவில் இருப்பவருக்கு வாந்தியும் வயிற்று வலியும் வந்தாலோ மூச்சு வேகமாக வாங்கினாலோ உப்புத் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அழுத்தம் இறங்கும் என்பதால் அளவை மருத்துவர் பார்த்து மாற்ற வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தாங்களாகவே இதில் இறங்க வேண்டாம்.

எனக்கு இரண்டாம் வாரக் கடைசியில் தலைவலியும் சோர்வும் அடங்கின. வேகமாக நடக்கும் தெம்பு திரும்ப இன்னும் சில வாரங்கள் பிடித்தன. ஆரம்பத்தில் யூரிக் அமிலமும் ஏறும். ஏற்கெனவே கவுட், அதாவது யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வாதம் உள்ளவர்களுக்கு மூட்டு வலி கிளம்பலாம். எடை வேகமாகக் குறைந்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும், பெரும்பாலும் பிறகு வளர்ந்துவிடும். தொடங்கும் முன்பே கொலஸ்ட்ரால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், யூரிக் அமிலம் மூன்றையும் பார்த்து ரிப்போர்ட்டை எடுத்து வையுங்கள். சிலருக்கு எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் நன்றாகவே ஏறிவிடுகிறது. மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது ஒப்பிட அந்தப் பழைய ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும்.