வேலூரில் லிஃப்ட் ஏ.எம்.சி.: ஸ்டிக்கரில் கையெழுத்து இருக்கிறது, பிட்டில் தண்ணீரும் இருக்கிறது

காந்தி நகர், ஆபீசர்ஸ் லைன், சத்துவாச்சாரி, ஆற்காடு ரோடு என்று எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரிக் கட்டடம்தான்: கீழே வங்கி, முதல் மாடியில் லேப், மேலே கோச்சிங் சென்டர், அதற்கும் மேலே ஆடிட்டர் ஆபீஸ். நடுவில் ஆறு பேர் ஏறும் ஒரு லிஃப்ட். கேபினுக்குள் சர்வீஸ் ஸ்டிக்கர் ஒட்டி, மாதாமாதம் தேதியும் கையெழுத்தும் போட்டிருப்பார்கள். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் என்ன வேலை நடக்கிறது என்பதைத்தான் இங்கே எடை போடுகிறோம். வேலூர் வட்டாரத்தில் கிடைக்கும் சர்வீஸ் மூன்று வகை.

முதல் வகை, லிஃப்ட்டைச் செய்த கம்பெனியே எடுக்கும் ஏ.எம்.சி., அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். ஒரிஜினல் பாகம் வரும், லிஃப்ட்டை இயக்கும் மின்பெட்டியான கன்ட்ரோலரைத் திறக்கும் சர்வீஸ் டூல் அவர்களிடமே இருக்கும். பல புது மாடல்களில் அந்த டூலும் பாஸ்வேர்டும் இல்லாமல் வெளி மெக்கானிக் எதையும் தொட முடியாது. குறை தூரம்தான். கன்ட்ரோலர் போர்டு போய்விட்டால் பாகம் சென்னையிலிருந்து கிளம்பி வர வேண்டும், அதுவரை ஆடிட்டரைப் பார்க்க வரும் பெரியவர்கள் படியேற வேண்டும். ஐந்துக்கு மூன்றரை.

இரண்டாவது, காட்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ இருக்கும் உள்ளூர் ஏஜென்சி. கூப்பிட்டால் சீக்கிரம் வருவார்கள், பேச்சில் பணிவு இருக்கும், காசும் குறைவு. பழைய ரிலே கன்ட்ரோலர், கியர் மெஷின், கையால் இழுக்கும் கேட் என்றால் கம்பெனி ஆளைவிட இவர்கள் கெட்டி. ஆனால் ஏஜென்சிக்கு ஏஜென்சி தரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நல்லது அமைந்தால் நான்கு, சரியில்லாதது என்றால் ஒன்றுகூடத் தர மனம் வராது. தரம் பிரிக்கும் வழி கீழே இருக்கிறது.

மூன்றாவது, ஒப்பந்தமே இல்லாமல் நின்றால் மட்டும் போன் போட்டு வரவழைக்கிற மெக்கானிக். பணியிடக் கட்டடத்துக்கு இது சர்வீஸே இல்லை. பூஜ்யம்.

எந்த வகையை எடுத்தாலும் பொறுப்பு ஏஜென்சி தலைக்குப் போய்விடாது. தமிழ்நாடு லிஃப்ட் சட்டம் 1997-இல் வந்தது. அதன்படி மின் ஆய்வுத் துறையிடம் வாங்கும் உரிமம் கட்டட உரிமையாளர் பெயரில் இருக்கிறது. ஏ.எம்.சி. நடப்பில் இருக்க வேண்டியதும், உரிமம் காலாவதியாகாமல் பார்க்க வேண்டியதும் அவர் வேலை. லிஃப்ட்டில் யாருக்காவது அடிபட்டால் ஆய்வாளருக்குத் தெரிவித்துவிட்டு, ஆய்வாளர் பார்த்து அனுமதி தரும் வரை லிஃப்ட்டை நிறுத்தி வைக்க வேண்டியதும் உரிமையாளர்தான். வாடகைக்கு இருக்கும் ஆபீஸ்காரர் “அது ஓனர் வேலை” என்று கை கழுவுவது வழக்கம். தன் ஊழியர் ஏறும் லிஃப்ட்டில் கோளாறு தெரிந்தும் பேசாமல் இருந்தால் அந்தச் சாக்கு செல்லாது. வாடகை ஒப்பந்தத்திலேயே லிஃப்ட் செலவைப் பகிர்வது எப்படி, புகாரை யாரிடம் எழுதிக் கொடுப்பது, நிறுத்திவைக்க யாருக்கு அதிகாரம் என்ற மூன்றையும் எழுதிவிடுங்கள். அதிகாரம் ஒருவர் பெயரில் இருக்கட்டும். எல்லாருக்கும் பொது என்றால் வாட்ச்மேன் தலையில்தான் விழும்.

இனி தரம் பிரிப்பது. மெக்கானிக் எவ்வளவு நேரம் இருந்தார், மூன்று இடத்துக்கும் போனாரா என்று பாருங்கள். மெஷின் ரூம், கேபினின் தலைப்பகுதி, லிஃப்ட் குழியின் அடியில் உள்ள பிட். பத்து நிமிடத்தில் கதவுப் பள்ளத்தைத் துடைத்து எண்ணெய் தெளித்துவிட்டுக் கையெழுத்து வாங்கினால் அதற்குப் பெயர் அட்டென்டன்ஸ். நாலு மாடி லிஃப்ட்டுக்கு ஒழுங்கான சர்வீஸ் என்றால் முக்கால் மணி நேரமாவது லிஃப்ட் நிற்கும். ஒவ்வொரு மாடியிலும் போர்டு மாட்டியிருப்பார்கள். இரண்டு பேர் வந்திருப்பார்கள். கேபின் மேல் ஏறுபவர் முதலில் ஸ்டாப் சுவிட்சை அமுக்கி, பிறகு இன்ஸ்பெக்ஷன் மோடுக்கு மாற்றி, அதன் பிறகுதான் காலை வைப்பார். இந்த வரிசை தவறினால் அந்த ஏஜென்சிக்குத் தன் ஆள்மீதே அக்கறை இல்லை என்று அர்த்தம். உங்கள்மீது எங்கிருந்து வரும்?

லிஃப்ட் நிற்கும் புகார்களில் பெரும்பகுதி கதவில்தான் தொடங்கும். பள்ளத்தில் மண், கதவின் அடியில் ஓடும் ஷூ தேய்வு, ரோலர் உடைசல், சென்சரில் தூசி. இவை எரிச்சல் தருபவை, ஆளைக் கொல்லாதவை. கொல்வது வேறு. ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு லாக் கான்டாக்ட் இருக்கிறது. கதவு முழுதாக மூடிப் பூட்டினால்தான் மின்சுற்று முடிந்து மோட்டார் ஓடும். எந்த மாடிக் கான்டாக்ட்டில் கோளாறு என்று தேடும்போது மெக்கானிக் ஒரு துண்டு ஒயரால் அதைத் தாண்டி இணைப்பார். தேடி முடித்ததும் ஒயரை எடுக்க மறந்தாலும், “நாளைக்குப் பாகம் வந்ததும் மாத்திடலாம் சார்” என்று விட்டுப்போனாலும், கதவு திறந்தபடியே லிஃப்ட் ஓடும். கதவு திறந்திருக்கும், கேபின் வேறு மாடியில் இருக்கும். அதனால் ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் மெக்கானிக்கையே உங்கள் எதிரில் சோதிக்கச் சொல்லுங்கள்: லிஃப்ட் ஓடும்போது மாடிக் கதவை வெளியிலிருந்து திறக்கும் முக்கோணச் சாவியால் அதைச் சற்றே விலக்கினால் அந்த நொடியே நிற்க வேண்டும். எல்லா மாடியிலும். செய்து காட்டத் தயங்கும் ஏஜென்சியை அன்றே மாற்றலாம்.

பிரேக் அடுத்தது. கயிறு அறுந்து லிஃப்ட் விழுந்துவிடும் என்ற பயம்தான் எல்லாருக்கும். இருப்பது ஒரே கயிறு அல்ல. அதோடு வேகம் மீறினால் அதைக் கண்காணிக்கும் கவர்னர் இழுத்து, கேபினுக்கு அடியில் உள்ள சேஃப்டி கியர் கைடு ரெயிலைக் கவ்விக்கொள்ளும். கயிறு அறுந்தாலும் தாங்கும் பிடியை எலிஷா ஓட்டிஸ் 1854-இல் நியூயார்க்கில் கூட்டத்துக்கு முன்னால் காட்டிவிட்டார். பிரேக் வழுக்கினால் நடப்பது பெரும்பாலும் நேர் எதிர். எதிர் எடை, கேபின் எடையோடு கொள்ளளவில் கிட்டத்தட்டப் பாதியும் சேர்த்துச் செய்யப்பட்டது. ஓரிருவர் மட்டும் இருக்கும் கேபின் அதைவிட லேசு, ஆகவே மேலே கிளம்பும். அதற்கான முன்னறிவிப்பு கண்ணுக்குத் தெரியும்: ஆள் நிறைந்து இறங்கும்போது தரைமட்டத்துக்குக் கீழேயும், காலியாக ஏறும்போது மேலேயும் நிற்கத் தொடங்கும். “ஒரு அங்குலம்தானே” என்று விடாதீர்கள். பிரேக் லைனிங் தேய்வோ, கியர் பெட்டி எண்ணெய் பிரேக் டிரம்மில் கசிவதோ காரணமாக இருக்கலாம்.

ரோப்பில் கிரீஸ் பூசுவதைச் சேவையாக நினைக்கும் மெக்கானிக்குகள் உண்டு. புல்லியில் ரோப் உராய்வால்தான் பிடிக்கிறது, கண்ட கிரீஸைத் தடவினால் வழுக்கும். ரோப்புக்கென்று உள்ள எண்ணெயை மெலிதாக மட்டும் போட வேண்டும். பெல்ட் வகை லிஃப்ட் என்றால் அதுவும் கூடாது. ரோப்பில் செங்கல் பொடி மாதிரிச் சிவப்புத் தூள் தெரிந்தால் உள்ளே இழைகள் காய்ந்து ஒன்றோடொன்று உரசுகின்றன. எல்லா ரோப்பும் ஒரே இழுவிசையில் இருக்கிறதா, அறுந்த இழைகள் எத்தனை, விட்டம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். “ரோப் ஓகே” என்பது அளவு இல்லை.

இந்த ஊருக்கென்று சில தேய்மானங்கள் உண்டு, சென்னையில் அச்சடித்த செக்லிஸ்ட்டில் அவை இருக்காது. அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடி மெஷின் ரூம் வெந்துபோகும். 40 டிகிரிக்கு மேல் மோட்டாரை ஓட்டும் டிரைவ் தன் முழுத் திறனைத் தராது, வெப்பத்தில் டிரிப் ஆகும். கரண்ட் போனால் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறக்கும் ஏ.ஆர்.டி.யின் பேட்டரியும் அங்கேதான் இருக்கிறது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். ஆகவே எக்ஸாஸ்ட் ஃபேன் ஆடம்பரம் இல்லை. மாதம் ஒரு முறை மெயினை அணைத்து ஏ.ஆர்.டி. வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், கேபின் காலியாக இருக்கும்போது.

ஐப்பசி, கார்த்திகையில் பிட்டில் தண்ணீர் ஊறும். கேபின் மோதினால் தாங்கும் பஃபர், கவர்னர் ரோப்பின் இழுவை எடை, அடிப்பகுதி லிமிட் சுவிட்ச் எல்லாம் அங்கேதான். தண்ணீரைப் பார்த்ததும் கேபினை மேல் மாடிக்கு அனுப்பி, மெயினை அணைத்துப் பூட்டி, ஏஜென்சியைக் கூப்பிடுங்கள். வாட்ச்மேனை வாளியோடு இறக்குவது மட்டும் வேண்டாம். ஊற்றை அடைக்காமல் மாதாமாதம் இறைக்கும் ஏஜென்சியும் உண்டு, அதற்குத் தனி பில்லும் உண்டு.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், கதை வேறு. உப்புத்தோலின் ஈரம் இரும்பைத் தின்னும். சல்பைடு கலந்த காற்று ரிலேயின் வெள்ளிக் கான்டாக்ட்டையும் செம்பையும் கறுக்க வைக்கும், பிறகு லிஃப்ட் காரணமில்லாமல் நிற்பதுபோல் தோன்றும். கன்ட்ரோலர் பெட்டியை மூடியே வையுங்கள், கான்டாக்ட்டை அடிக்கடி பாருங்கள். ஷூ ஃபேக்டரிகளில் பஃபிங் தூசி கதவுப் பள்ளத்தை வாரத்தில் அடைத்துவிடும். மாத சர்வீஸ் அங்கே போதாது, சர்வீஸுக்கு நடுவே மாடிப் பள்ளங்களை உங்கள் ஆளே உலர்ந்த பிரஷ்ஷால் சுத்தம் செய்யட்டும். எண்ணெய் வேண்டாம், தூசி களிம்பாகிவிடும். சரக்கு லிஃப்ட்டில் ஆள் ஏறுவதுதான் அங்கே தீராத நோய். தொழிற்சாலை லிஃப்ட்டை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி பெற்றவர் முழுதாகச் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும், தாங்கும் எடையைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 28-ஆம் பிரிவு வைத்த அளவுகோல். ஏ.எம்.சி. மெக்கானிக்கின் மாதக் கையெழுத்து இந்தச் சோதனைக்கு ஈடாகாது.

எடைக் கணக்கு ஒருவருக்கு 68 கிலோ. ஆறு பேர் லிஃப்ட் என்றால் 408, எட்டு பேர் என்றால் 544. ஏ4 பேப்பர் பெட்டிகளையோ யு.பி.எஸ். பேட்டரிகளையோ அடுக்கும்போது ஆள் கணக்குப் பார்க்காமல் கிலோ கணக்குப் பாருங்கள். ஓவர்லோடு பஸ்ஸர் கத்தினால் கடைசியாக ஏறியவர் இறங்க வேண்டும், பஸ்ஸர் ஒயரைப் பிடுங்கச் சொல்லக் கூடாது. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் அறிவிப்பு தமிழோடு இந்தியிலும் வங்காளத்திலும் இருந்தால்தான் படிப்பார்கள். “தீ என்றால் படி” என்ற வரியும் அதில் வேண்டும்.

ஆள் மாட்டிக்கொண்டால் கேபினுக்குள் பேச்சுக் கொடுங்கள், கதவில் சாயாமல் இருக்கச் சொல்லுங்கள், ஏஜென்சிக்குப் போன் போடுங்கள். பயிற்சி பெற்ற இருவர் இல்லாமல் மீட்பில் இறங்க வேண்டாம். முதலில் மெயின் ஆஃப். பிறகு பிரேக்கைத் தளர்த்திக் கேபினைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன்பின்தான் கதவு. இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும் கேபினிலிருந்து குதிக்க வைத்தால், கேபினின் அடிக்கும் மாடித் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாக ஆள் குழிக்குள் போய்விடுவார். முக்கோணச் சாவி வாட்ச்மேன் இடுப்பில் தொங்க வேண்டிய பொருள் இல்லை. பூட்டிய பெட்டியில், எடுப்பவர் பெயர் எழுதும் நோட்டோடு இருக்கட்டும்.

கையெழுத்துப் போடும் முன் “கம்ப்ரிஹென்சிவ்” (பாகங்களும் சேர்த்து எல்லாம் அடங்கியது) என்ற சொல்லை நம்பாமல் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். ரோப், மோட்டார் ரீவைண்டிங், போர்டு, ஏ.ஆர்.டி. பேட்டரி, தண்ணீர்ச் சேதம், வோல்ட்டேஜ் சேதம் என்று ஒவ்வொன்றாகக் கழித்தால் சில ஒப்பந்தங்களில் மிச்சம் இருப்பது எண்ணெயும் பழந்துணியும்தான். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். ஆள் மாட்டிக்கொண்டால் எத்தனை நிமிடத்தில் வருவார்கள் என்பது தனி வரியாக இருக்கட்டும், இரவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து. கவர்னர், சேஃப்டி கியர் சோதனை ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் ஆள் எதிரில் நடக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். ஏஜென்சியை மாற்றுவதாக இருந்தால், பழையவரின் கடைசி பில்லைக் கொடுக்கும் முன் ஒயரிங் படம், கன்ட்ரோலர் பாஸ்வேர்டு, முக்கோணச் சாவி, பழைய சர்வீஸ் பதிவேடு நான்கையும் கையில் வாங்கிவிடுங்கள்.